லேப்டாப்பை ஓரம் வைத்துவிட்டுப் போனிலேயே வேலை பார்க்க

"லேப்டாப் இல்லாமல் போனிலேயே சமாளிக்கலாமா?" என்று கேட்பவர்கள் அடுத்த மூச்சிலேயே "எந்த போன் வாங்கட்டும்?" என்கிறார்கள். அந்தக் கேள்வியைக் கடைசியில் கேட்டால் போதும். கடிதம் எழுத, கணக்கு ஏற்ற, மெயில் பார்க்க, வீடியோ கூட்டத்தில் பேசத் தேவையான வேகம் இரண்டு மூன்று ஆண்டு பழைய நடுத்தர போனிலேயே இருக்கிறது. லேப்டாப் நாம் கேட்காமலே வேறு மூன்று விஷயங்களைத் தந்துகொண்டிருந்தது. பத்து விரலும் பரவ ஒரு கீபோர்டு, கண்ணைச் சுருக்காமல் பார்க்க ஒரு திரை, எந்த ஃபைல் எங்கே கிடக்கிறது என்ற தெளிவு. போனுக்கு மாறினால் இவற்றை நாமேதான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். அதைச் செய்யாதவருக்கு எவ்வளவு பெரிய போன் வாங்கினாலும் எரிச்சல்தான் மிஞ்சும்.

என் தொழில் மெய்ப்புத் திருத்துவது. பதிப்பகங்களிலிருந்து வேர்டு ஃபைல் வரும், திருத்தம் தெரியும்படி போட்டு அனுப்ப வேண்டும். பக்கம் கட்டிய பிறகு பிடிஎஃப் வரும், அதில் குறி போட வேண்டும். நடுவில் நூற்றுக்கணக்கில் மெயில், அவ்வப்போது வீடியோ கூட்டம், மாதக் கடைசியில் பில். இத்தனையும் இப்போது போனில்தான் நடக்கிறது. அதனால் கீழே சொல்பவற்றில் எழுத்து வேலையின் சாய்வு இருக்கும். வீடியோ வெட்டுபவர்களுக்கும் படம் வரைபவர்களுக்கும் கணக்கு வேறு.

முதலில் வேலையைப் பிரித்துப் பாருங்கள்

ஒரு வாரம் லேப்டாப் பக்கத்தில் ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள். அதைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் எதற்காகத் திறந்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். வாரக் கடைசியில் அந்தத் தாளைப் பார்த்தால் பாதி வரிகள் ஏற்கெனவே போனில் செய்யக்கூடியவை, பழக்கத்தால்தான் லேப்டாப்பைத் திறந்திருக்கிறீர்கள் என்பது தெரியும். மீதியில் பெரும்பகுதி, கீபோர்டும் திரையும் இருந்தால் போனில் முடிந்துவிடும்.

முடியாதவை என்று சில உண்டு, அவற்றில் மழுப்பக் கூடாது. எக்செல் ஃபைலுக்குள் யாரோ எழுதிவைத்த மேக்ரோ, அதாவது வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல், போனில் ஓடாது. எக்செல் ஆப் அந்த ஃபைலைத் திறக்கும், எண்களைக் காட்டும், ஆனால் பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. பக்கம் கட்டும் இன்டிசைனுக்குப் போன் ஆப்பே கிடையாது. விண்டோஸில் நிறுவினால் மட்டுமே ஓடும் பழைய கணக்கு மென்பொருளும் அப்படித்தான். கையடக்க யூஎஸ்பி சாவியைச் செருகி டிஜிட்டல் கையெழுத்துப் போடுபவர்கள், அந்தச் சாவியின் மென்பொருள் விண்டோஸுக்கு மட்டும் வந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

இந்த மாதிரி வேலை மாதத்துக்கு ஒரு முறை வந்தால் பிரச்சினையில்லை. வீட்டிலோ அலுவலகத்திலோ வேறொருவரின் கணினி இருந்தால் அங்கே உட்கார்ந்து முடித்துவிடலாம். அல்லது அந்தக் கணினியில் குரோம் ரிமோட் டெஸ்க்டாப்பைப் போட்டு வைத்து, போனிலிருந்தே அதன் திரையைத் திறந்து இயக்கலாம். கணினி விழித்திருக்க வேண்டும், இணையம் நன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் தினமும் அப்படி ஒரு வேலை இருக்கிறதென்றால், தயவுசெய்து லேப்டாப்பிலேயே இருங்கள். போனில் செய்கிறேன் என்று நாளுக்கு இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டுவதில் என்ன பெருமை?

கீபோர்டு

காசு செலவழிக்க வேண்டிய முதல் இடம் இது. நல்ல கீபோர்டும் சாதாரண போனும் இருப்பவர், சாதாரண கீபோர்டும் உச்ச விலைப் போனும் இருப்பவரைவிட அதிகம் எழுதுவார்.

மடித்துப் பையில் போடும் கீபோர்டுகள் பார்க்க அழகாக இருக்கும். தினமும் நாலு பக்கம் எழுதுபவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம். நடுவில் மடிப்பு வருவதால் சில விசைகள் இடம் மாறியிருக்கும், சில சுருங்கியிருக்கும், ஸ்பேஸ் பார் இரண்டாகப் பிளந்திருக்கும். வழக்கமான கீபோர்டில் ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடு வரை ஏறக்குறைய 19 மில்லிமீட்டர். விரலுக்குப் பழகிய அளவு அது. எண் பகுதி இல்லாத, ஆனால் விசைகள் முழு அளவில் இருக்கும் கீபோர்டு ஒன்றை வாங்கினால் மேசையிலும் இடம் பிடிக்காது. புளூடூத்தில் மூன்று கருவிகளை நினைவில் வைத்துக்கொண்டு ஒரு விசையில் மாறிக்கொள்ளும் வகை கிடைத்தால் இன்னும் நல்லது. போன், டேப்லெட், தொலைக்காட்சி எல்லாவற்றுக்கும் அதுவே ஆகிவிடும்.

இணைத்தவுடன் பெரும்பாலான குறுக்குவிசைகள் ஆண்ட்ராய்டில் அப்படியே வேலை செய்யும். கன்ட்ரோல் சி, கன்ட்ரோல் வி, கன்ட்ரோல் இசட், ஆப் மாற்ற ஆல்ட் டேப். விண்டோஸ் விசையோடு சாய்கோட்டை அழுத்தினால் என்னென்ன உண்டு என்ற பட்டியலே திரையில் வரும். ஐபோனில் விண்டோஸ் கீபோர்டை இணைத்தால் விண்டோஸ் விசை கமாண்ட் விசையாகிவிடும், நகலெடுப்பதும் ஒட்டுவதும் அதை வைத்துத்தான். மவுஸ் ஆண்ட்ராய்டில் இணைத்ததுமே அம்புக்குறி வந்துவிடும். ஐபோனில் அமைப்புகளுக்குப் போய் அசிஸ்டிவ் டச்சை இயக்க வேண்டும், 2019-இல் வந்த ஐஓஎஸ் 13 முதல் இந்த வசதி இருக்கிறது. அம்புக்குறி கொஞ்சம் குண்டாக ஒரு வட்டமாக இருக்கும். பழகிப்போகும்.

தமிழில் தட்டச்சு செய்பவர்கள் கீபோர்டு வாங்கும் முன் ஒன்றைச் சோதித்தே ஆக வேண்டும். திரையில் அருமையாகத் தமிழ் தரும் கீபோர்டு ஆப், வெளியே இணைத்த கீபோர்டிலும் தமிழ் தரும் என்று நம்பிவிட முடியாது. பல ஆப்கள் வெளிக் கீபோர்டைக் கண்டதும் ஒதுங்கிக்கொள்ளும், அடிப்பதெல்லாம் ஆங்கிலமாகவே வரும். யாரிடமாவது ஒரு புளூடூத் கீபோர்டைக் கடன் வாங்கி, நீங்கள் அடிக்கும் முறையிலேயே, தமிழ்99 என்றால் தமிழ்99, ஆங்கில ஒலிப்பு முறை என்றால் அதிலேயே ஒரு பத்தி அடித்துப் பாருங்கள். ஐபோனில் தமிழ்99, ஆங்கில ஒலிப்பு முறையான அஞ்சல் இரண்டும் உள்ளேயே இருக்கின்றன. ஆண்ட்ராய்டில் எந்த ஆப் ஒத்துவரும் என்பது போனுக்குப் போன் மாறும். ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் தாவும் குறுக்குவிசை எது என்பதையும் அப்போதே கண்டுபிடித்துவிடுங்கள். ஒவ்வொரு தாவலுக்கும் திரையைத் தொட வேண்டியிருந்தால் கீபோர்டு வாங்கியதே வீண்.

சின்னச் சின்னப் பதில்களுக்கு நான் கீபோர்டைத் தொடுவதே இல்லை, பேசிவிடுகிறேன். கூகுளின் குரல்வழித் தட்டச்சில் 2017 முதல் தமிழ் இருக்கிறது. மெயிலுக்கு நாலு வரி பதில் என்றால் மைக்கை அழுத்திச் சொல்லி, அனுப்பும் முன் ஒரு தடவை படித்துத் திருத்திவிடுவேன். ஒற்று எங்கே மிகும் என்று அதற்குத் தெரியாது, அதை நாம்தான் பார்க்க வேண்டும்.

திரை

முதலில் ஒரு கேள்வி: உங்களுக்கு மானிட்டர் வேண்டுமா? மெயிலும் பில்லும் மட்டும் என்றால் வேண்டாம். கண் மட்டத்துக்குப் போனை உயர்த்தும் ஒரு தாங்கியும் கீபோர்டும் போதும். தாங்கி என்பது மலிவான சமாசாரம்தான், ஆனால் அது இல்லாமல் போனை மேசையில் படுக்கப்போட்டு எழுதினால் மாலைக்குள் கழுத்து பேச ஆரம்பிக்கும். நான் கைப்பிரதியின் முதல் வாசிப்பைப் போன் திரையிலேயே செய்வேன். நிமிர்ந்த போன் திரை ஏறக்குறைய ஒரு புத்தகப் பக்கத்தின் வாகில்தான் இருக்கிறது, வரி குறுகலாக ஓடுவதால் கண் தாவுவதில்லை. கடைசி மெய்ப்பு அப்படி முடியாது. சின்ன எழுத்தில் 'ர' போலத்தான் 'ர்'-உம் தெரியும். மேலே இருக்கும் புள்ளி ஒரு தூசி அளவு. பிடிஎஃப்பைப் பெரிதாக்கினால் வரியின் இரண்டு முனையும் திரைக்கு வெளியே போய்விடும், ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்கு மானிட்டர்தான் வழி.

மானிட்டர் வேண்டுமென்றால், உங்கள் போனின் யூஎஸ்பி-சி துளையிலிருந்து படம் வெளியே வருமா என்று பாருங்கள். துளை ஒரே மாதிரி இருப்பதால் எல்லாப் போனிலும் வரும் என்று நினைத்து, ஒரு துளையைப் பல துளைகளாக்கும் ஹப் வாங்கி ஏமாறுபவர்கள் ஏராளம். போனின் விவரக் குறிப்பில் டிஸ்ப்ளேபோர்ட் என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். ஆண்ட்ராய்டு போன்களில் யூஎஸ்பி 2.0 என்று மட்டும் போட்டிருந்தால் அநேகமாகப் படம் வராது. 2023-இல் வந்த ஐபோன் 15 இதற்கு விதிவிலக்கு, அதன் துளை தகவல் அனுப்புவதில் யூஎஸ்பி 2 வேகம்தான், இருந்தாலும் டிஸ்ப்ளேபோர்ட் உண்டு. கூகுள் பிக்ஸலில் 8-ஆம் வரிசையிலிருந்து படம் வரும்.

படம் வருவது ஒன்று, அது எப்படி வருகிறது என்பது இன்னொன்று. ஐபோனை இணைத்தால் போன் திரையின் பிரதிதான் மானிட்டரில் தெரியும், நிமிர்ந்த போன் என்றால் நடுவில் ஒரு பட்டையும் இரண்டு பக்கமும் கறுப்பும். வீடியோ பார்க்கவும் படம் காட்டவும் சரி, இரண்டு ஃபைலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேலை பார்க்க உதவாது. சாம்சங்கின் டெக்ஸ் அப்படியில்லை. மானிட்டரில் தனியாக ஒரு மேசைத்திரை வரும், கீழே பட்டை, சாளரங்களை இழுத்துச் சிறிதாக்கிப் பெரிதாக்கலாம், அதே நேரம் போனைக் கையில் எடுத்து வேறு வேலையும் பார்க்கலாம். 2017-இல் கேலக்ஸி எஸ்8-உடன் வந்தபோது அதற்கென்று தனித் தாங்கி ஒன்று வாங்க வேண்டியிருந்தது, அடுத்த ஆண்டு நோட் 9-இலிருந்து சாதாரண ஹெச்டிஎம்ஐ இணைப்பே போதும் என்றாகிவிட்டது. எஸ் வரிசையிலும் மடிக்கும் ஃபோல்டிலும் இருக்கும், ஏ வரிசையில் எதிர்பார்க்காதீர்கள். மோட்டோரோலாவின் சில போன்களில் ஸ்மார்ட் கனெக்ட் என்ற பெயரில் இதே போன்ற வசதி இருக்கிறது. கூகுளும் 2025-இல், சாம்சங்குடன் சேர்ந்து டெக்ஸின் அடித்தளத்தின் மேல் ஆண்ட்ராய்டுக்கே மேசைத்திரை முறையைக் கட்டுவதாக அறிவித்தது.

யோசனை புதிதும் அல்ல. 2011-லேயே மோட்டோரோலா ஏட்ரிக்ஸ் என்ற போனைச் செருகும் லேப்டாப் கூடு ஒன்று வந்தது. 2015-இல் மைக்ரோசாஃப்ட் லூமியா 950-இல் முயன்றது. இரண்டும் நிற்கவில்லை. அன்றைய போனின் வேகமும் ஆப்களும் அதற்குப் போதவில்லை என்பது என் எண்ணம். இன்று அந்தக் குறை இல்லை.

மேசையில் நான் வைத்திருப்பது இவ்வளவுதான்: ஹெச்டிஎம்ஐ, இரண்டு யூஎஸ்பி, சார்ஜர் செருக ஒரு யூஎஸ்பி-சி என்று துளைகள் உள்ள சின்ன ஹப். சார்ஜருக்கென்று தனித் துளை உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். அது இல்லாத ஹப்பை மாட்டினால், போனின் ஒரே துளையை ஹப் பிடித்துக்கொள்ளும், மின்சாரம் உள்ளே போக வழியிருக்காது. மானிட்டருக்குப் படம் அனுப்பும் போன் பேட்டரியை வேகமாகக் குடிக்கும், மதியத்துக்கு மேல் தாங்காது. உங்கள் மானிட்டரிலேயே யூஎஸ்பி-சி இருந்து அது மின்சாரமும் தருமென்றால் ஹப்பே வேண்டாம், ஒரே கேபிளில் படமும் சார்ஜும். ஆனால் அந்தக் கேபிள் போனோடு வந்த சார்ஜ் கேபிளாக இருந்தால் அநேகமாகப் படம் போகாது. படம் கடத்தும் கேபிள் என்று கேட்டு வாங்க வேண்டும்.

கம்பியில்லாமல் தொலைக்காட்சிக்கு அனுப்பலாமே என்பார்கள். அனுப்பலாம். எழுத்து அடித்து அரை நொடி கழித்துத் திரையில் வருவதைச் சகித்துக்கொள்ள முடிந்தால்.

ஃபைல்கள்

போனில் வேலை பார்ப்பவர்கள் தோற்கும் இடம் பெரும்பாலும் இதுதான். போன் நம்மை ஃபைல் பற்றி யோசிக்கவே விடாமல் பழக்கியிருக்கிறது. மெயிலில் வந்தது டவுன்லோடு ஃபோல்டரில் விழும், வாட்ஸ்அப்பில் வந்தது அதன் சொந்த ஃபோல்டரில், வேர்டு ஆப் இணையத்தில் ஃபைல் வைக்கும் தன் மேகக்கணக்கில் சேமிக்கும், ஸ்கேன் எடுத்தது வேறெங்கோ. ஒரே கைப்பிரதியின் நாலு பிரதி நாலு இடத்தில். எது கடைசித் திருத்தம் என்று தெரியாமல் பதிப்பகத்துக்குப் பழையதை அனுப்பினால் மானம் போய்விடும்.

எந்தச் சேவையாக இருந்தாலும் சரி, மேகக்கணக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வேலைக்கான எல்லாமே அங்கேதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். டவுன்லோடு ஃபோல்டர் வாசல்படி மாதிரி, அங்கே எதையும் தங்கவிடக் கூடாது. வந்ததைத் திறந்து பார்க்கும் முன்பே உரிய ஃபோல்டருக்கு நகர்த்திவிட்டுத்தான் நான் வேலையைத் தொடங்குவேன். பெயரில் தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் முன்னால் போட்டால் பட்டியல் தானாகக் கால வரிசைக்கு வரும். 'கடைசி', 'புதிய கடைசி' என்றெல்லாம் பெயர் வைப்பவர்களுக்குப் போனின் சின்னத் திரையில் பெயர் பாதியில் வெட்டுப்பட்டு, எல்லாமே ஒன்றுபோலத் தெரியும்.

இட அளவையும் கவனியுங்கள். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி, ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து. உங்கள் குடும்பத்து வீடியோக்கள் தானாக ஏறி அந்த இடம் நிரம்பினால் புதிய மெயில் வருவது நின்றுபோகும், அனுப்பியவருக்குத் திரும்பிவிடும். ஆகவே வேலைக்கு ஒரு கணக்கு, படங்களுக்கு வேறு கணக்கு. ஐகிளவுடிலும் ஒன்டிரைவிலும் இலவசம் 5 ஜிபிதான்.

பென் டிரைவ் இன்னும் தேவைப்படும். ஒரு முனை யூஎஸ்பி-சி, மறுமுனை பழைய யூஎஸ்பி என்று இருமுனை உள்ளது வசதி. அது ஃபேட்32 வடிவில் இருந்தால் எல்லாக் கருவியிலும் திறக்கும், ஆனால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை ஏற்காது.

அப்புறம் ஒன்று. வாட்ஸ்அப்பில் படத்தை அப்படியே அனுப்பினால் சுருக்கித்தான் போகும். அட்டைப்படம், கையெழுத்திட்ட தாள் போன்றவற்றை 'ஆவணம்' என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் முழுத் தரத்தில் போய்ச் சேரும்.

பழைய எழுத்துரு ஃபைல்கள்

தமிழில் வேலை பார்ப்பவர்களை மட்டும் பிடித்து ஆட்டும் சிக்கல் இது. இன்று எல்லாக் கருவியும் புரிந்துகொள்ளும் ஒருங்குறிக்கு (யூனிகோடு) முந்தைய பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்த ஃபைல்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன, எனக்கு மாதம் தவறாமல் வரும். அவற்றில் உண்மையில் இருப்பது ஆங்கில எழுத்துகள், எழுத்துரு மட்டும் அவற்றுக்குத் தமிழ் முகத்தைப் போட்டுக் காட்டும். விண்டோஸ் கணினியில் அந்த எழுத்துருவை நிறுவியிருந்தால் தமிழ் தெரியும். போனில் அது இருக்காது. அதனால் 'தமிழ்' என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்று நாலு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும் வந்து நிற்கும். ஃபைல் கெட்டுவிட்டது என்று பயந்துவிடாதீர்கள். இணையத்தில் எழுத்துரு மாற்றிகள் இருக்கின்றன. பத்திகளை நகலெடுத்து அங்கே ஒட்டி ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ளலாம். நடுவில் உண்மையான ஆங்கிலச் சொல் இருந்தால் அதையும் சேர்த்துத் தமிழாக்கிக் குதறிவிடும், எண்களையும் நிறுத்தக்குறிகளையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். இப்போதெல்லாம் பாமினியில் வந்தால் ஒருங்குறியில் அனுப்பச் சொல்லித் திருப்பி எழுதிவிடுகிறேன். பாதிப் பேர் அனுப்புகிறார்கள்.

ஆவணம், அட்டவணை, பிரவுசர்

வேர்டு ஆப் 10.1 அங்குலம் வரையிலான திரைகளில் சொந்த உபயோகத்துக்கு அடிப்படைத் திருத்தங்களை இலவசமாக விடுகிறது, சில வசதிகளுக்குச் சந்தா கேட்கும். கூகுள் டாக்ஸ் ஆப்பும் வேர்டு ஃபைலை அப்படியே திறந்து திருத்தும். மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டுப் பரிந்துரைக்கும் முறையை இயக்கினால் நாம் செய்யும் மாற்றங்கள் தனி நிறத்தில் நிற்கும், அந்தப் பக்கம் வேர்டில் திறப்பவருக்கும் திருத்தங்களாகவே தெரியும். என் வேலையின் முதுகெலும்பே அதுதான். இரண்டு ஆப்களிலும் பக்க அமைப்பைக் காட்டும் முறையும், போன் அகலத்துக்கு எழுத்தை ஓடவிடும் முறையும் உண்டு. எழுதும்போது இரண்டாவது, அனுப்பும் முன் சரிபார்க்க முதலாவது. பக்க அமைப்பைப் பார்க்காமல் அனுப்பினால் தலைப்பு ஒரு பக்கத்தின் அடியில் அநாதையாகத் தொங்குவது நமக்குத் தெரியாது.

அட்டவணையைப் போனில் பார்ப்பது சுலபம், புதிதாக உருவாக்குவது கொடுமை. மானிட்டரில் உட்காரும்போது வார்ப்புருவை ஒரு தடவை உருவாக்கிவிடுங்கள். பிறகு எண்களை மட்டும் போனில் மாற்றி பிடிஎஃப்பாக அனுப்பலாம். என் பில் அப்படித்தான் போகிறது.

ஆப்பில் இல்லாத வசதி பல நேரம் பிரவுசரில் இருக்கும். ஜிமெயில் ஆப்பில், வரும் மெயிலைத் தானாகப் பிரிக்கும் வடிகட்டி உருவாக்க முடியாது. குரோமின் மூன்று புள்ளியில் 'டெஸ்க்டாப் தளம்' என்பதைத் தேர்ந்தெடுத்து ஜிமெயிலைத் திறந்தால் முடியும். படிவம் நிரப்பும் தளங்கள் போனில் முரண்டு பிடித்தாலும் இதையே செய்யுங்கள். ஆண்ட்ராய்டு குரோமில் நீட்சிகளை (பிரவுசரில் கூடுதலாகச் சேர்க்கும் எக்ஸ்டென்ஷன்கள்) போட முடியாது. அவை வேண்டுமென்றால் ஃபயர்ஃபாக்ஸ், 2023 கடைசியிலிருந்து அதன் ஆண்ட்ராய்டு பதிப்பில் நீட்சிகள் தாராளமாகக் கிடைக்கின்றன.

நிரல் எழுதுபவர்களுக்கு ஒரு வரி: லினக்ஸ் கட்டளைகளைப் போனில் ஓட்டும் டெர்மக்ஸ் ஆப் வேண்டுமென்றால் எஃப்-டிராய்டு என்ற ஆப் தளத்திலிருந்து நிறுவுங்கள். பிக்ஸல் வைத்திருப்பவர்களுக்கு 2025 மார்ச் முதல் ஆண்ட்ராய்டிலேயே டெபியன் லினக்ஸ் முனையம் இருக்கிறது.

இரண்டு ஆப்பைத் திரையில் பிரித்து வைப்பது ஆண்ட்ராய்டில் உண்டு, ஐபோனில் கிடையாது. ஒரு ஃபைலைப் பார்த்து இன்னொன்றில் எழுதும் வேலை உங்களுக்கு அதிகம் என்றால், போன் தேர்வை இந்த ஒரு விஷயமே முடிவு செய்துவிடும்.

குறுக்கீடுகள்

லேப்டாப்பில் வேலை பார்க்கும்போது போன் வேறொரு பொருள், தள்ளி வைக்கலாம். இப்போது வேலை நடப்பதே அதில்தான். அடுத்த வரியைத் திருத்தப் போகும்போது மேலே ஒரு வாழ்த்துச் செய்தி இறங்கும்.

வேலை நேரத்துக்கென்று ஒரு தொந்தரவு செய்யாதே அட்டவணை போட்டு, குறிப்பிட்ட சிலரின் அழைப்பு மட்டும் வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். வீடியோ கூட்டத்துக்கு முன் அதைக் கையாலேயே இயக்குவது அவசியம். போனில் கூட்டம் நடக்கும்போது சாதாரண அழைப்பு வந்து நீங்கள் எடுத்தால் கூட்டத்தின் ஒலி அறுந்துவிடும். நீங்கள் பேசுவது அங்கே கேட்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியவும் தெரியாது. திரையைப் பகிரும்போது இன்னும் எச்சரிக்கை வேண்டும். முழுத் திரையைப் பகிர்ந்தால் மேலிருந்து இறங்கும் செய்தி எல்லாருக்கும் தெரியும், அது கடவுச்சொல்லாகவும் இருக்கலாம், வீட்டுச் சண்டையாகவும் இருக்கலாம். புதிய ஆண்ட்ராய்டுகளில் ஒரு ஆப்பை மட்டும் பகிரும் தேர்வு வந்திருக்கிறது, அது கேட்கும்போது அதையே எடுங்கள்.

பெரிய ஃபைலை ஏற்றிக்கொண்டிருக்கும்போது திரையை அணைத்துவிட்டு எழுந்து போகாதீர்கள். பேட்டரியை மிச்சம் பிடிக்கப் போன் பின்னணியில் இருக்கும் ஆப்களை நிறுத்திவிடும், திரும்பி வந்தால் ஏற்றம் பாதியில் நிற்கும். ஆண்ட்ராய்டில் அந்த ஆப்பின் பேட்டரி அமைப்பில் 'கட்டுப்பாடில்லை' என்று வைத்தால் ஓரளவு தப்பிக்கலாம்.

போன் தொலைந்தால்

லேப்டாப் தொலைந்தால் போனில் சமாளிப்போம். போனே எல்லாமாக இருந்து அது தொலைந்தால் வேலையும் போகும், வேலையை மீட்க வேண்டிய ரகசிய எண் வரும் சிம்மும் சேர்ந்தே போகும். புதிய கருவியில் கணக்கைத் திறக்கப் போனால், உங்கள் போனுக்கு எண் அனுப்பியிருக்கிறோம் என்று சொல்லும். அந்தப் போன்தானே இல்லை.

மாறுவதற்கு முன்பே செய்துவைக்க வேண்டியது இது. கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் காப்பு எண்கள் என்று பத்து எண்கள் கிடைக்கும், ஒவ்வொன்றும் ஒரு முறை மட்டும் செல்லும். அதைத் தாளில் எழுதி அலமாரியில் வையுங்கள். போனுக்குள்ளேயே படம் எடுத்து வைப்பதில் பயனில்லை. மற்ற முக்கியக் கணக்குகளிலும் இதே போன்ற எண்கள் உண்டு. பழைய போனை விற்காமல், அதே கணக்குகளில் நுழைந்த நிலையில் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு முறை சார்ஜ் போட்டுப் புதுப்பித்தால் போதும், அவசரத்துக்கு அரை மணி நேரத்தில் வேலைக்குத் திரும்பிவிடலாம். ஐபோனில் திருட்டுக் காப்பு 2024 ஜனவரியில் ஐஓஎஸ் 17.3-உடன் வந்தது, ஆண்ட்ராய்டிலும் போனைப் பறித்துக்கொண்டு ஓடினால் பூட்டிக்கொள்ளும் வசதி அதே ஆண்டு வந்தது. இரண்டையும் நாம்தான் அமைப்புகளில் தேடி இயக்க வேண்டியிருக்கலாம், பார்த்துவிடுங்கள்.

பேட்டரியைப் பற்றிச் சுருக்கமாக: நாள் முழுக்கச் சார்ஜரில் செருகியே இருக்கும் போனுக்கு 80 சதவீதத்தோடு நிறுத்தும் வரம்பை இயக்குங்கள். ஐபோன் 15 முதலும், பிக்ஸல், சாம்சங் போன்களிலும் இருக்கிறது. மானிட்டரில் மாட்டியிருக்கும்போது உறையைக் கழற்றிவிட்டால் சூடு குறையும்.

சரி, இப்போது எந்த போன்? ஏற்கெனவே இருப்பதில் ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். மானிட்டர் வேண்டும், உங்கள் போனில் படம் வரவில்லை என்றால் மட்டும் புதிது. அப்போதும் கேமராவைப் பார்க்காமல் டிஸ்ப்ளேபோர்ட், 8 ஜிபி ராம், எத்தனை ஆண்டு பாதுகாப்புப் புதுப்பிப்பு என்ற மூன்றைப் பாருங்கள். பிக்ஸல் 8-க்கும் கேலக்ஸி எஸ்24-க்கும் ஏழு ஆண்டு என்று அறிவித்திருக்கிறார்கள். இரண்டாம் கையாக வாங்கினால்கூட அதில் பல ஆண்டு மிச்சமிருக்கும்.

அந்த ஒரு மாதமும் லேப்டாப்பை விற்காதீர்கள், மூடி மட்டும் வையுங்கள். திறக்க நேர்ந்தால் காரணத்தை அந்தத் தாளிலேயே எழுதுங்கள். விற்கலாம் என்று முடிவானதும், பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள், மெயில் மென்பொருளில் மட்டும் தங்கிய பழைய மெயில்கள், பாமினி ஃபைல்கள் மூன்றையும் வெளியே எடுங்கள். பாமினியை அங்கேயே ஒருங்குறிக்கு மாற்றிவிட்டால் பின்னால் தொல்லையில்லை. எல்லாம் மேகக்கணக்கில் ஏறிவிட்டதா என்று போனில் நாலைந்து ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டு, கணக்குகளிலிருந்து வெளியேறி, டிஸ்க்கை முழுதாக அழித்துவிட்டுக் கொடுங்கள். சார்ஜரையும் மறக்காமல் கொடுத்துவிடுங்கள், ஆனால் அது யூஎஸ்பி-சி சார்ஜராக இருந்தால் வைத்துக்கொள்ளலாம், ஹப்புக்கு ஆகும்.